மடக்கிய மூன்று விரல்

சத்தம் கேட்டபோது என் கையில் குறடு இருந்தது. அதை வைத்துவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. குறடும் கையுமாக ஓடினேன். தலைத்துணியை ஒழுங்காகப் போட்டேனா, காலில் செருப்பு இருந்ததா என்பதெல்லாம் இன்றுவரை நினைவில்லை.

நண்பகல் லுஹர் தொழுது முடித்து ஆண்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கை கடற்கரைப் பக்கம் திரும்புகிற மூலையில் சுபைதா மாமியின் வீடு இருக்கிறது. அந்த வீட்டு ஜன்னலால் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. சாதாரண அடுப்புப் புகை இல்லை. பிளாஸ்டிக் எரிகிற புகை. மூக்கில் ஏறினால் நாக்கு வரை கசக்கும்.

முற்றத்து மணலில் மாமியின் மகள் ரிஸ்னா உட்கார்ந்திருந்தாள். பதினேழு நாள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவளுடைய வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, தோல் வேறு நிறமாக இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அழவில்லை. அதுதான் எங்கள் எல்லோரையும் அப்படியே நிறுத்தி வைத்தது. பிறகு பிள்ளை ஒருமுறை இருமிற்று. இன்னொருமுறை இருமி, கீச்சென்று அழத் தொடங்கிற்று. யாரோ ஒரு ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாயும் பிள்ளையும் மாமியும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எரிந்த சாமானை ஒருவர் தும்புத்தடியால் தள்ளி முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டார். ஒரு ஸ்டாண்ட் ஃபேன். பக்கத்தில் தொட்டிலின் நுளம்பு வலை, பாதிக்கு மேல் உருகிச் சுருண்டு கிடந்தது. ஃபேனின் பின்பக்க மூடி கரைந்து போய் மோட்டர் வெளியே தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.

கருகிய கொயிலின் அடிப்பக்கத்தில், நெருப்புப் படாமல் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூல்

மோட்டருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர்கள், சுற்றி முடித்த கொயிலை நூலால் வரிந்து கட்டுவார்கள். கம்பி ஆடக்கூடாது என்பதற்காக. எல்லாரும் வெள்ளை நூலில்தான் கட்டுவார்கள். எனக்கு மட்டும் மருதமுனையில் தறி வைத்திருக்கிற என் மச்சி, சாரம் நெய்து மிஞ்சுகிற சிவப்பு நூலை உருண்டையாகத் தருவாள். பதினைந்து வருடமாக அந்த நூலில்தான் கட்டுகிறேன். என்னுடைய வேலை எங்கே போனாலும் தெரியட்டும் என்ற பெருமையும் அதில் இருந்தது. பொய் சொல்லவில்லை, நிறையவே இருந்தது.

ஆக, மணலில் கிடந்தது நான் சுற்றிய ஃபேன். எட்டு நாளைக்கு முன் என் கையால் சுற்றிக் கொடுத்தது.

அந்த நேரத்தில் என்னைச் சுற்றி நின்றவர்கள் கதைத்ததெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் மூளைக்குப் போகவில்லை. கரண்ட் கூடிக் குறைந்து வந்திருக்கும் என்றார் ஒருவர். போன கிழமை தன் வீட்டு டீவியும் அப்படித்தான் போனது என்றார் இன்னொருவர். ஒரு பெண் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் குறட்டை எடுத்தாள். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன்.

என்னுடைய நாக்குத்தான் மீட்டர்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் மாப்பிள்ளையின், அதாவது என் கணவரின், கடையைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்முனைக்குப் போகிற பெரிய ரோட்டில் அவருக்கு ஒரு சின்ன மோட்டர் திருத்துகிற கடை. கழற்றுவது, பூட்டுவது, ஆட்களோடு கதைப்பது அவர். கம்பி சுற்றுவது நான், வீட்டில்.

இந்தப் பங்கு எப்படி வந்தது என்றால், அவருடைய கை முரட்டுக் கை. தலைமயிர் தடிப்புள்ள கம்பி அவர் கையில் அறுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஆறாவது தடவையாக அறுத்துவிட்டு அவர் வாயில் வந்ததைத் திட்ட, எனக்குப் பொறுக்கவில்லை. இஞ்சால தாருங்க என்று பறித்துச் சுற்றினேன். அறுந்து போகவில்லை. அன்றிலிருந்து சுற்றுகிற மெஷின் என் குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. வீடும் என் சீதன வீடு, மெஷினும் என்னுடையது என்று நான் சண்டை வரும்போது சொல்வதுண்டு.

கையால் சுழற்றுகிற சின்ன மெஷின்தான். எத்தனை சுற்று என்று காட்டுகிற இலக்கத் தட்டு ஒன்று அதில் இருந்தது. அது எட்டில் வந்து இறுகி எத்தனையோ காலம். புதிது வாங்கித் தருகிறேன் என்று இவர் பலமுறை கேட்டார். எனக்கு வேண்டாம், என் நாக்குத்தான் மீட்டர் என்றேன்.

நான் எண்ணுவது தஸ்பீஹில். தொழுகைக்குப் பிறகு நாங்கள் ஓதுவோமே, முப்பத்து மூன்று ஸுப்ஹானல்லாஹ், முப்பத்து மூன்று அல்ஹம்துலில்லாஹ், முப்பத்து நான்கு அல்லாஹு அக்பர். கூட்டினால் நூறு. ஒரு சொல்லுக்கு ஒரு சுற்று. நூறு முடிந்ததும் இடது கையின் சின்ன விரலை மடக்குவேன். அடுத்த நூறுக்கு மோதிர விரல். மூன்றாவது நூறுக்கு நடு விரல். பெருவிரலும் சுட்டு விரலும் கம்பியைப் பிடித்திருக்கும். மூன்று விரலும் மடங்கிய பிறகு இன்னொரு நூறு சுற்றினால் நானூறு. ஸ்டாண்ட் ஃபேனின் பெரிய கொயில் ஒன்றுக்கு நானூறு. அப்படி நான்கு கொயில்.

இறைவனை நினைத்து ஓதுகிற திக்ரை வேலைக்கு வைக்கலாமா என்று ஒரு சகோதரி அண்மையில் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். இந்த நெருப்புக்கு முன் கேட்டிருந்தால் சீறியிருப்பேன். வேலைக்கு வேலையும் ஆகிறது, நன்மைக்கு நன்மையும் ஆகிறது, உங்களுக்கு என்ன வலிக்கிறது என்று கேட்டிருப்பேன். இப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் அவ்வளவு சூடான பதில் இல்லை.

மில்லிலிருந்து வந்தவர்

மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் ஃபேன் நிற்காது. இரவு பகலாக ஓடும். ஓடி ஓடி எரியும். எரிந்தால் என்னிடம் வரும். காலையில் மூன்று, பின்னேரம் நான்கு. எல்லாம் ஒரே மாதிரி ஃபேன், ஒரே கம்பி, ஒரே நானூறு. என் கை அதைச் செய்யும்போது என் தலைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சோறு வடிக்கிற மாதிரித்தான். செய்யாவிட்டால் பட்டினி, செய்தால் ஒருவரும் பாராட்டப் போவதில்லை.

அப்படி அலுத்துச் சலித்துப் போயிருந்த ஒரு நாளில், சம்மாந்துறை அரிசி மில் ஒன்றிலிருந்து ஒரு பழைய மோட்டர் லொறியில் வந்து இறங்கியது. மூன்று பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வேகத்தில் ஓடுகிற மோட்டராம். எந்த நாட்டில் செய்தது என்று காட்டுகிற தகடு கூட இல்லை. முன்பு யாரோ திருத்துகிறேன் என்று கொயிலையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்துச் சுற்றுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு ஊரில் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, குமர்க் காலத்தில் கூட எனக்கு அப்படி ஒரு கிறுக்குப் பிடித்ததில்லை. டேப்பால் உள்ளளவு எடுத்தேன், பள்ளங்களை எண்ணினேன், ஒரு சீ.ஆர். கொப்பி முழுக்கக் கணக்குப் போட்டேன். கொப்பி முடிந்து கலண்டரின் பின்பக்கத்தில் படம் கீறினேன். இரண்டு நாள் சோறு கருகியது. மோட்டருக்கும் உனக்கும் கலியாணக் காவின் எழுதவா என்று இவர் கேட்டுச் சிரித்தார். மஹர்ப் பணம் எவ்வளவு தருவாராம் என்று கேளுங்க என்று நானும் சொன்னேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் நடந்துகொண்டிருந்த நாளில்தான் சுபைதா மாமி ரிஸ்னாவின் ஃபேனோடு வந்தார். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். அந்த அறை எப்படி அவியும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இன்றைக்கே வேண்டும் என்று மாமி கெஞ்சினார். ரிஸ்னாவின் மாப்பிள்ளை கட்டாரில் இருக்கிறார், வீட்டில் ஓடித்திரிய ஆம்பிளை இல்லை என்றும் சொன்னார்.

ஓம் என்று வாங்கி வைத்தேன். மில் மோட்டருக்கு மேலே சீலையைப் போட்டு மூடிவிட்டு, சரியான கோபத்தோடு ஃபேனைச் சுற்ற உட்கார்ந்தேன். பொழுது சாயும் மஃரிபுத் தொழுகைக்கு முன் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் மாமி வழியில் கண்டு, முன்னைவிட நல்ல காற்று வருகிறது என்று சொல்லி எனக்காக அல்லாஹ்விடம் துஆ செய்தார்.

வெட்டி எண்ணினேன்

இப்போது மறுபடி அந்த நாளுக்கு வருகிறேன்.

பின்னேரம் இவர் எரிந்த ஃபேனை ஒரு யூரியாப் பையில் போட்டுக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். பிள்ளை நெஞ்சுக்குள் புகையை இழுத்திருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். ரிஸ்னாவின் கைக்கு மருந்து கட்டியிருக்கிறார்களாம். ஊரெல்லாம் கரண்ட்டைத்தான் குறை சொல்கிறது என்றும் சொன்னார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. எனக்கும் அந்த ஆறுதல் வேண்டும் போலிருந்தது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். கரண்ட்டைப் பற்றி யாராலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. கொயிலைப் பற்றி முடியும். கம்பி எவ்வளவு கருகினாலும் எண்ணிக்கை அழியாது. கொயிலின் ஒரு பக்கத்தை உளியால் வெட்டினால், வெட்டிய நுனிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். இத்தனை வருடமாக மற்றவர்கள் சுற்றியதை அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். என்னுடையதை ஒருநாளும் எண்ணியதில்லை.

நான்கு கொயிலையும் வெட்டினேன். கிணற்றடிக் கல்லில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தையல் ஊசியால் நுனிகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினேன். நாக்கு எதையும் ஓதவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலத்தான் எண்ணினேன்.

முதல் கொயில் நானூறு. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது முந்நூறு. பிழையாக எண்ணிவிட்டேன் என்று திரும்ப எண்ணினேன். முந்நூறுதான். மூன்றாவது நானூறு. நான்காவதை எண்ணும்போது இருநூற்றைம்பது தாண்டியதும் ஊசி நழுவி விழுந்தது. தேடி எடுத்து எண்ணினேன். முந்நூறு.

சுற்றுக் குறைந்தால் மோட்டர் அளவுக்கு மிஞ்சிய வலுவில் ஓடும். காற்று கூடுதலாக வரும். உள்ளே சூடும் கூடும். அவ்வளவுதான் விஷயம். மாமி துஆ செய்த அந்த நல்ல காற்று அதுதான்.

கல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தப் பின்னேரம் கண்ணுக்கு முன் வந்தது. இரண்டாவது கொயிலில் ஒரு நூறு முடிந்த இடத்தில், பின்னேரத் தொழுகைக்கு அழைக்கிற அஸர் பாங்கு சொன்னார்கள். பாங்கு கேட்டால் நாங்கள் கையிலிருப்பதை நிறுத்தி, சொல்கிறவரோடு சேர்ந்து அந்தச் சொற்களைச் சொல்ல வேண்டும். சொன்னேன். முடிந்ததும் துஆ ஓத வேண்டும். இரண்டு கையையும் ஏந்தி ஓதினேன்.

இரண்டு கையையும் ஏந்தினேன் என்றால் விரல்களை விரித்தேன் என்று அர்த்தம். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. திரும்ப மெஷினில் கை வைத்தபோது மடங்கியிருந்தது இரண்டு விரலா மூன்று விரலா என்று ஒரு கணம் யோசித்தேன். மூன்று என்று மனம் சொன்னது, இன்னும் ஒரு நூறு மட்டும் சுற்றி முடித்தேன். நான்காவது கொயிலிலும் அப்படி ஒரு நூறு முடிந்த இடத்தில் மில் முதலாளி, ஹாஜியார், ஃபோன் எடுத்தார், மோட்டர் எந்த மட்டில் என்று கேட்க. ஃபோனை இடது கையால்தான் பிடித்தேன். மோட்டரைப் பற்றி வாய் நிறையக் கதைத்தேன். வைத்துவிட்டு, மறுபடி மூன்று என்று எடுத்துக்கொண்டேன்.

தொழுகையில் எத்தனை சுற்று, எத்தனை ரக்அத், தொழுதோம் என்று சந்தேகம் வந்தால், குறைந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழ வேண்டும். ஏழு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்தது. தொழுகையில் நான் அதில் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஃபேனில் கூடியதை எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் எழும்பிப் போக வேண்டும், சீலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், என் மோட்டர் காத்துக்கொண்டிருந்தது.

இவர் வந்து பார்த்தார். துணியில் நான்கு குவியலாகக் கிடந்த கம்பி நுனிகளைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"எத்தின?" என்று கேட்டார்.

"ரெண்டு கொயில்ல நூறு நூறு குறையுது மச்சான்."

அவர் யூரியாப் பையை எடுத்து நுனிகளையெல்லாம் அதற்குள் வழித்துப் போடத் தொடங்கினார். வாயைத் திறக்காதே என்று சொன்னார். பிள்ளையை அல்லாஹ் காப்பாற்றிவிட்டான், கடை போனால் நாம் என்ன செய்வது, ஊரே கரண்ட் என்று சொல்லும்போது நீ ஏன் நடுவில் போய் விழுகிறாய் என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் பையைப் பறித்துக்கொண்டு உள்ளே போனேன்.

ரிஸ்னா சொன்னது

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்த இரண்டு நாளும் எனக்கு உறக்கமும் இல்லை, ஊணும் இல்லை. போனேன். இவர் மாமியின் வீட்டு வாசல் வரை வந்து கேற்றடியில் நின்றுகொண்டார்.

மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அது இன்னும் மோசமாக இருந்தது. அறைக்குள் ரிஸ்னா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் வெள்ளைக் கட்டு. புகை பிடித்த சுவரை யாரோ பாதி கழுவியிருந்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நானூறு, முந்நூறு, பாங்கு, ஃபோன், விரல் எல்லாவற்றையும்.

மாமி என்னுடைய தோளில் வைத்திருந்த கையை எடுத்தார். எழும்பி அறையை விட்டு வெளியே போனார். போய்க் கதவடியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்னா அழவில்லை, கத்தவும் இல்லை. ஏதோ யோசிக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நான் உங்களுக்கு ஃபோன் எடுத்தன் தானே ராத்தா" என்றாள்.

எப்போது என்று கேட்டேன்.

"ஃபேன் மணக்குது எண்டு சொன்னன். புது வார்னிஷ் அப்படித்தான் மணக்கும், ரெண்டு நாளையில போயிடும் எண்டு சொன்னீங்க."

இல்லை என்றேன். எனக்கு அப்படி ஒரு ஃபோன் வரவில்லை, வேறு யாரோடாவது கதைத்திருப்பாய் என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. அல்லாஹ் மீது ஆணையாக, எனக்கு நினைவில்லை. அவள் வாக்குவாதப்படவில்லை. என் கையிலிருந்த ஃபோனை மட்டும் பார்த்தாள்.

வந்த அழைப்புகளைத் திறந்து பார்த்தேன். மில் ஹாஜியார், மில் ஹாஜியார், இவர், மச்சி, மறுபடி ஹாஜியார். அதற்குக் கீழே ரிஸ்னா. தீப்பிடிப்பதற்கு மூன்று நாள் முந்திய காலை. ஒரு நிமிடத்துக்கு மேல் கதைத்திருக்கிறேன்.

ஒரு நிமிடம். என் வாய் கதைத்திருக்கிறது. வார்னிஷ் என்றும் இரண்டு நாள் என்றும் சொல்லியிருக்கிறது. ஃபேன் கொண்டுபோகிற எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் அது, பெரும்பாலும் சரியான பதிலும்கூட. காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, மில் மோட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்லியிருப்பேன். கம்பி குறைந்ததைக் கூட என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. அந்த நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், இன்றைக்கும் அகப்படவில்லை.

"நீங்க ரெண்டு நாள் எண்டீங்க" என்றாள் ரிஸ்னா. "நான் அந்த ரெண்டு நாளையும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கேற்றடியில் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேற்றைத் திறந்துவிட்டார்.

நாற்பது கழிந்து

மில் மோட்டரை முடித்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது, அறுவடை நெல் மில்லுக்கு வந்து நின்றது. இரண்டு வேகத்திலும் அழகாக ஓடியதாம். ஹாஜியார் கல்முனையிலிருந்து ஒரு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கிக்கொண்டு வந்து, ஊர் ஊராகச் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்நாளில் செய்த ஆகத் திறமான வேலை அது. பெட்டியைத் திறக்காமலே மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஊரில் கதை பரவியது. மாமி சொல்லவில்லை, நானே கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஃபேன் வருவது பாதியாகக் குறைந்தது. இவர் ஒரு கிழமை என்னோடு அளவாகத்தான் கதைத்தார். பிறகு ஒருநாள் ஒரு புது இலக்கத் தட்டை வாங்கிவந்து மெஷினில் பூட்டிவிட்டுப் போனார்.

இப்போது காலையில் ஃபேன்தான். தட்டில் எண்ணுகிறேன், நூறுக்கு ஒருமுறை சுவரில் பென்சிலால் கோடு போடுகிறேன். ஓதுவது வேலை முடித்துக் கை கழுவிய பிறகு. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுக்கிறேன். சுற்றிய ஃபேன் ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்க என் வீட்டில், நாங்கள் இருக்கிற அறையில், எங்கள் மேல் காற்றடித்துவிட்டுத்தான் வெளியே போகும். அன்றைய ஃபேன்களெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வேறு எந்த மோட்டரையும் திறப்பேன். எவ்வளவு அழகான மோட்டராக இருந்தாலும் சரி, அதுவரை சீலைக்கடியில் கிடக்கட்டும்.

அலுப்புப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றைக்கும் மூன்றாவது ஃபேனில் கொட்டாவி வருகிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நாற்பது கழிந்து தலை முழுகினால் பிள்ளை பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவாள். அப்படி ரிஸ்னா ஒருநாள் அஸருக்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளையோடு தனியாகத்தான் வந்தாள். மாமி வரவில்லை.

அறைக்குள் கூட்டிவந்தேன். அங்கே அன்று காலை சுற்றிய ஒரு ஸ்டாண்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கண் அதில் போய் நின்றதைப் பார்த்தேன். பாய்ந்து போய் அதை நிறுத்தினேன்.

கதிரையில் உட்கார்ந்தாள். கட்டு அவிழ்த்த கையில் தோல் ரோஸ் நிறமாக இழுபட்டுக் கிடந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தேன். வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது, அறை அடுப்பங்கரை மாதிரி அவிந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து முனகத் தொடங்கியது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் முத்து முத்தாக வேர்வை.

"போடுங்க ராத்தா" என்றாள் ரிஸ்னா. "புள்ளைக்கு வேர்க்குது."

எனக்குக் கை எழும்பவில்லை. உண்மையிலேயே எழும்பவில்லை. அவளே எட்டி, அந்தச் சுட்ட கையாலேயே பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுழலத் தொடங்கியது.

பிறகு எழும்பிக் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஃபேனுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். பிள்ளையை ஃபேனுக்கு மறுபக்கமாக மடியில் வைத்துக்கொண்டாள். காற்று அவளைச் சுற்றித்தான் பிள்ளைக்குப் போனது. அப்படியே இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.